இலைக் கருமையை இனங்கண்ட பின்னரே மருந்து

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரம் ஆகும். ஒற்றை மாமரத்தின் அடியில் எழுந்தருளியவர் என்பதாலேயே இறைவனுக்கு அப்பெயர் வந்தது என்பர். நான்கு கிளைகளிலும் நான்கு சுவையுள்ள கனிகள் காய்க்கும் என்பது ஐதீகம். ஆனால் கோயில் மரமாயினும், கிணற்று மேட்டில் நிற்கும் மரமாயினும், மாவின் இலைக்கு வரும் தொல்லைகள் ஒன்றுதான். அவற்றுள் விவசாயிகளைப் பெரிதும் குழப்புவது இலைகள் கறுத்துப்போவதாகும்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றுடன் வரப்போரத்திலும் பம்புசெட் அருகிலும் நான்கைந்து மாமரங்களை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர் உண்டு. காய்ப்பைக் குத்தகைக்கு விடும்போது கிடைக்கும் தொகை அவர்களுக்கு ஒரு கைச்செலவுக்கு ஆகும். பூக்கும் பருவத்தில் இலைகள் கரி பூசினாற்போல் ஆகிவிட்டால் குத்தகை கேட்பவர் விலையைக் குறைப்பார். உடனே விவசாயி கடைக்குச் சென்று, 'இலையில் பூசணம்' என்று சொல்லி, கொடுத்த பூசணக்கொல்லியை வாங்கி வந்து தெளிப்பார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கருமை அப்படியே இருக்கும். பணமும் போய், பருவமும் போய்விடும்.

மருந்தில் குறையில்லை, தெளித்ததிலும் குறையில்லை. இலையில் இருப்பது இன்னதென்று அறியாமல் தெளித்ததே குறை. இலையில் வாழும் பூசணங்களை விஞ்ஞானிகள் எவ்வாறு இனங்காண்கின்றனர், புதிய இனம் என்று எப்போது முடிவு செய்கின்றனர், அதனால் விவசாயிக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காணலாம்.

கருமையெல்லாம் ஒன்றல்ல

மர இலைகளின் மேல் காணப்படும் கறைகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது கரும்பூசணம். தத்துப்பூச்சி, செதில் பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவை இலையின் சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற இனிப்புக் கழிவை வெளியேற்றுகின்றன. அது இலைகளின் மேல் சொட்டிப் படிகிறது. அந்த இனிப்பை உண்டுதான் இப்பூசணம் வளர்கிறது. இது இலைக்குள் நுழைவதில்லை. இலையின் சத்தை உண்பதுமில்லை. ஆனால் வெயில் இலைமேல் படாமல் மறைப்பதால் இலை உணவு தயாரிப்பது குறைந்து, மரம் நலிவடைகிறது.

இரண்டாவது, மெலியோலா என்னும் பூசணக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவும் கறுப்புதான். ஆனால் இது இலையின் புறத்தோலுக்குள் நுண்ணிய உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி உயிருள்ள இலையிலிருந்து நேராகச் சத்தை எடுத்துக்கொள்ளும். மழையும் நிழலும் மிகுந்த மலைக்காடுகளில் இது அதிகம். சமவெளியில் காற்றோட்டமில்லாத அடர்ந்த தோப்புகளில் காணலாம்.

மூன்றாவது இலைப்புள்ளி நோய்கள். மாவில் வரும் பறவைக்கண் நோயும், நிலக்கடலையில் வரும் டிக்கா இலைப்புள்ளியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பூசணம் இலையின் சதைக்குள் வளர்ந்து அதைக் கொன்றுவிடுவதால், புள்ளி உள்ள இடம் காய்ந்து பழுப்பாகும். சில சமயம் உதிர்ந்து ஓட்டையும் விழும்.

நான்காவது சிவப்புத் துரு. மா, கொய்யா இலைகளில் துரு நிறத்தில், வெல்வெட்டுத் துணிபோல் சற்றே மேலெழும்பிய வட்டங்கள் காணப்படும். பெயர் துருவென்றாலும் இது பூசணமே அன்று. செஃபாலியூரோஸ் என்னும் பாசி. ஏரியில் படரும் பாசியின் இனத்தவன் மரத்தின் இலையில் வந்து குடியேறியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விவசாயியே செய்யக்கூடிய சோதனை

முதல் இரண்டு வகைகளையும் பிரித்தறிய நுண்ணோக்கி தேவையில்லை. ஈரத்துணியால் இலையைத் துடைத்துப் பார்த்தால் போதும். கரும்பூசணம் துணியில் கரியாக வந்துவிடும். அடியில் இலை பச்சையாக இருக்கும். மெலியோலா அவ்வளவு எளிதில் வராது. அது இலையெங்கும் பூசினாற்போல் இராமல், தனித்தனியான வட்டப் புள்ளிகளாக, மயிர் அடர்ந்தாற்போல் இருக்கும்.

அடுத்து, மரத்தின் கீழே பார்க்க வேண்டும். கரும்பூசணமாயின் மரத்தடியில் உள்ள வேறு செடிகளின் இலைகள் மேலும், கல்லின் மேலும்கூடக் கருமை படிந்திருக்கும். தேன் சொட்டு எங்கே விழுகிறதோ அங்கெல்லாம் அது வளரும். கிளைகளில் எறும்புகள் சாரைசாரையாக ஊர்வதும் ஓர் அடையாளம். மெலியோலா அவ்வாறு பரவுவதில்லை. இரண்டு வகை மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும், பெரும்பாலும் ஒரு மரத்தின் இலையில் மட்டுமே இருக்கும்; அடுத்த மரத்தின் இலை சுத்தமாக இருக்கும்.

கரும்பூசணம் என்று தெரிந்தால் அதற்கு இனிப்பு ஊட்டும் பூச்சியைத்தான் முதலில் கட்டுப்படுத்த வேண்டும். படிந்த கருமையை நீக்க ஒரு கிலோ மைதா மாவை 5 லிட்டர் நீரில் கொதிக்க வைத்து, ஆறிய பின் 20 லிட்டராக நீர் சேர்த்து வடிகட்டித் தெளிக்கலாம். கஞ்சி காய்ந்து ஏடாகப் பெயரும்போது கருமையும் சேர்ந்து உதிர்ந்துவிடும். வெயில் நன்றாக உள்ள நாளில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். மேகமூட்டமான நாளில் தெளிக்கலாகாது. பூக்கள் முழுவதும் மலர்ந்திருக்கும் சமயத்தில் பூச்சிமருந்து தெளித்தால் மகரந்தச் சேர்க்கை செய்யும் ஈக்களும் தேனீக்களும் மடிந்து காய்ப்பிடிப்பு குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மெலியோலா என்று தெரிந்தால் மைதாக் கஞ்சியால் பயன் சிறிதே. நெருக்கமான கிளைகளைக் கவாத்து செய்து வெயிலும் காற்றும் புகச் செய்தலும், ஆரம்பத்திலேயே புள்ளி கண்ட இலைகளைக் கிள்ளி எரித்தலும் நல்லது. சிவப்புத் துருவுக்குத் தாமிர மருந்து பயன் தரும். ஆக, நான்கு தொல்லைக்கும் நான்கு வழி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து உதவாது.

நகப்பூச்சில் அகப்படும் பூசணம்

விவசாயி இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். விஞ்ஞானிகளின் வேலை இதற்கு மேல்தான் தொடங்குகிறது. மெலியோலா குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. இதில் இன்னது இன்ன இனம் என்று எப்படிச் சொல்வது?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரங்களில் வாழும் இவ்வகைப் பூசணங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர் வி. பி. ஹொசகவுடர் என்னும் விஞ்ஞானி. இந்திய மெலியோலா பூசணங்களைப் பற்றிய இவருடைய நூலை இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1996ஆம் ஆண்டில் வெளியிட்டது. கேரளத்தில் பாலோடு என்னுமிடத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்திலும் இவர் பணியாற்றி, ஏராளமான புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டினார்.

இப்பூசணங்களை ஆராய்வதில் ஒரு சங்கடம் உண்டு. இவை உயிருள்ள இலையில் மட்டுமே வாழும்; ஆய்வுக்கூடத்தில் செயற்கை உணவில் வளர மாட்டா. சுரண்டி எடுத்தால் நூல் போன்ற இழைகள் நைந்துவிடும். ஹொசகவுடரும் கபூர் என்பவரும் 1985ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய வழியை வெளியிட்டனர். பெண்கள் விரலில் பூசிக்கொள்ளும் நிறமற்ற நகப்பூச்சில் ஒரு துளியைப் பூசணப் புள்ளியின் மேல் மெல்லியதாகத் தடவ வேண்டும். காய்ந்ததும் அது கண்ணாடி போன்ற ஏடாகிவிடும். அதைப் பிளேடு முனையால் நெம்பி எடுத்தால், பூசணம் இலையில் எப்படிப் படர்ந்திருந்ததோ அப்படியே ஏட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியவை பல. இழைகள் எப்படிக் கிளைக்கின்றன? இழையின் பக்கங்களில் முளைத்திருக்கும் தலை போன்ற உறுப்புகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா? முட்கள் உண்டா? உண்டெனில் இழையின் மேலா, வித்துக்களை அடக்கிய கறுப்பு உருண்டைகளின் மேலா? இழைமேல் முள் இருந்தால் ஒரு பேரினம், உருண்டைமேல் இருந்தால் வேறு பேரினம், எங்கும் இல்லாவிட்டால் மற்றொரு பேரினம். வித்துக்களில் எத்தனை அறைகள் உள்ளன என்பதையும் எண்ண வேண்டும். மெலியோலாவின் வித்து ஐந்து அறைகள் கொண்டது, பழுப்பு நிறமானது.

அடுத்து அளவெடுத்தல். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். மெலியோலா வித்தின் நீளம் பெரும்பாலும் 30 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். ஒன்றிரண்டை அளந்து முடிவு செய்வதில்லை. பல வித்துக்களை அளக்கின்றனர். பீலி என்னும் அறிஞர் 1920ஆம் ஆண்டில் இந்தக் குணங்களையும் அளவுகளையும் எட்டு இலக்கங்களாகச் சுருக்கி எழுதும் முறையை வகுத்தார். நிலத்துக்கு சர்வே எண் இருப்பதுபோல், ஒவ்வொரு மெலியோலா இனத்துக்கும் இப்படி ஓர் எண் எழுதப்படுகிறது.

மரத்தின் பெயரும் வேண்டும்

இவ்வளவு பார்த்தும், இலை எந்த மரத்தினுடையது என்று தெரியாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். மெலியோலாவில் ஒவ்வோர் இனமும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட மரக் குடும்பத்தை மட்டுமே அண்டி வாழும். மாவில் வாழ்வது மெலியோலா மாஞ்சிஃபெரே. மல்லிகை இனத்தில் வாழ்வது மெலியோலா ஜாஸ்மினிகோலா. எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் வாழ்வது மெலியோலா பட்லெரி. இந்தக் கடைசிப் பெயர் இந்தியாவில் பயிர்நோய் ஆராய்ச்சிக்கு வித்திட்ட ஈ. ஜே. பட்லரின் நினைவாக வைக்கப்பட்டது. எனவேதான் காட்டுக்குச் செல்லும் ஆராய்ச்சியாளர் இலையை மட்டும் பறிக்காமல், கிடைத்தால் பூவும் காயும் சேர்த்துக் கொண்டுவருவார்.

ஆனால் மரத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பதும் தவறாகும். ஒரு காலத்தில் புதிய மரத்தின் இலையில் ஒரு பூசணத்தைக் கண்டால் அதைப் புதிய இனம் என்றே எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த டி. எஸ். சூரியநாராயணனும் அவருடைய குழுவினரும், நோயே இல்லாத பச்சை இலைகளுக்குள் ஒளிந்து வாழும் பூசணங்களை ஆராய்ந்தனர். இலையின் மேற்புறத்தில் உள்ள கிருமிகளை மருந்தால் அகற்றிவிட்டு, இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி உணவுக்கூழில் வைத்தால், உள்ளே இருந்த பூசணம் வெளியே வளர்ந்துவரும். தென்னிந்தியாவின் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மரங்களிலிருந்து ஃபில்லோஸ்டிக்டா என்னும் பூசணம் இப்படிக் கிடைத்தது. அவற்றின் மரபணுவை ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வேறு வேறு மரங்களிலிருந்து வந்தாலும் அவை எல்லாம் ஒரே இனம் என்று தெரியவந்தது.

ஆகவே மெலியோலாவுக்கு மரம் ஒரு நல்ல சாட்சி, ஃபில்லோஸ்டிக்டாவுக்கு அவ்வாறன்று. காஞ்சிப் பட்டை மதிப்பிடுபவர் உடலின் நிறத்தை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பார்ப்பார், முந்தானையைப் பார்ப்பார், சரிகையையும் உரசிப் பார்ப்பார். அதுபோலவே உருவம், அளவு, இடங்கொடுக்கும் மரம், மரபணு ஆகிய அனைத்தும் ஒத்துப்போனால்தான் பெயர் உறுதியாகும்.

புதிய இனம் என்பது எப்போது?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூசண இனங்கள் சுமார் ஒன்றரை இலட்சம். பெயரிடப்படாதவற்றையும் சேர்த்தால் 22 முதல் 38 இலட்சம் வரை இருக்கலாம் என்று 2017ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணித்தனர். ஆகவே புதிய இனம் கிடைப்பது அதிசயமன்று. அது புதியதென்று நிரூபிப்பதே கடினம்.

ஏற்கெனவே விவரிக்கப்பட்ட நெருங்கிய இனங்கள் அனைத்துடனும் ஒப்பிட்டு, எதனுடனும் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு எந்த இலையைப் பார்த்து விவரம் எழுதப்பட்டதோ, அதே இலையை உலர்த்தி ஒரு பொது நிலையத்தில் வைக்க வேண்டும். இதை மூலமாதிரி என்பர். நாளை எவருக்கேனும் சந்தேகம் வந்தால் அந்த இலையையே எடுத்துப் பார்க்கலாம். பட்லர் 1905ஆம் ஆண்டில் பீகாரில் பூசா என்னுமிடத்தில் தொடங்கிய பூசணச் சேகரிப்பு இன்று புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் உள்ளது. உலர்ந்த மாதிரிகள் அங்கே காக்கப்படுகின்றன. செயற்கை உணவில் வளரக்கூடிய பூசணங்களை உயிரோடு காக்கும் தேசிய நிலையம் பூனாவில் அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளது. 2013ஆம் ஆண்டு முதல், புதிய பூசணப் பெயர் எதுவாயினும் சர்வதேசப் பதிவு எண் பெற்றால்தான் செல்லும்.

விவசாயிக்கு இதனால் என்ன பயன்?

பெயர் வைப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. இலங்கையில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 1869ஆம் ஆண்டில் அங்கே காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் தூள் போன்ற புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ், அந்த இலைகளை இங்கிலாந்தில் இருந்த பெர்க்லிக்கு அனுப்பினார். அதுவரை எவரும் அறியாத பூசணம் அது. அதன் வித்து ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்ததால் 'பாதி வழவழப்பு' என்ற பொருளில் ஹெமிலியா என்றும், பாழாக்குவது என்ற பொருளில் வாஸ்டாட்ரிக்ஸ் என்றும் பெயரிட்டனர்.

பெயர் அந்த ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் தோட்ட முதலாளிகளில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி நடுவதும் நிற்கவில்லை. 1878ஆம் ஆண்டு வாக்கில் பரப்பு 2,75,000 ஏக்கரை எட்டியது. 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்டு, வித்துக்கள் காற்றில் பரவி, ஈர இலையில் முளைத்து, இலையின் துவாரங்கள் வழியாக உள்ளே நுழைவதைக் காட்டினார். அதற்குள் நோய் தீவு முழுவதும் பரவிவிட்டது. தாமிரமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பிரான்சில் 1885ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை. இலங்கையில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போன கூலி மக்களின் வாழ்வும் அதோடு சேர்ந்து மாறியது. அதே பூசணத்துக்குத்தான் ஏற்காடு, கொடைக்கானல் மலைகளில் காப்பி விவசாயிகள் இன்றும் மழைக்கு முன் போர்டோக் கலவை தெளிக்கின்றனர்.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் எட்டு மாவட்டங்களில் கோதுமைக் கதிர்கள் வெளுத்துப் பதராயின. நோய் கண்ட இலைகளின் மரபணுவை ஆராய்ந்து, இது நெல்லின் குலைநோய்ப் பூசணத்துக்கு நெருங்கிய உறவு என்றும், ஆனால் உள்ளூர் நெல்லிலிருந்து தாவியதன்று, தென்அமெரிக்கக் கோதுமையில் 1985 முதல் காணப்படும் வகை என்றும் சில மாதங்களுக்குள் கண்டறிந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லையோர மாவட்டங்களான நாடியா, முர்ஷிதாபாத் ஆகியவற்றில் 2017ஆம் ஆண்டில் கோதுமை சாகுபடி நிறுத்தி வைக்கப்பட்டது. இலங்கையில் பெயர் கிடைத்தும் நடவடிக்கை இல்லை. இங்கே பெயர் கிடைத்தவுடன் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

மாதிரி அனுப்பும் முறை

இவ்விரண்டு சம்பவங்களிலும் முதற்படி ஒன்றே: பாதிக்கப்பட்ட இலை சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைச் செய்யக்கூடியவர் வயலில் நிற்பவரே. தோப்பிலோ வயலிலோ இதுவரை காணாத புள்ளியோ கருமையோ தென்பட்டால் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. மருந்து தெளிப்பதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். தெளித்த பின் எடுத்த இலையில் பூசணத்தை அறிவது கடினம்.

2. முற்றிலும் காய்ந்த இலையை மட்டும் எடுக்காமல், நோய் தொடங்கிய இலை, பாதி பரவிய இலை, முற்றிய இலை என 10 அல்லது 15 இலைகள் எடுக்க வேண்டும். ஒப்பிட நல்ல இலை ஒன்றிரண்டும் தேவை.

3. மரத்தின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் பூ அல்லது காயுள்ள சிறு கிளையும் சேர்க்க வேண்டும்.

4. பழைய செய்தித்தாளின் மடிப்புகளுக்கிடையே இலைகளை விரித்து வைத்து, மேலே கனமான பலகை வைக்க வேண்டும். தாளைத் தினமும் மாற்றினால் நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து, வேறு பூசணம் வளர்ந்து உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

5. அன்றே நேரில் கொண்டுபோக முடிந்தால் சில பச்சை இலைகளைக் காகித உறையில் தனியாக எடுத்துச் செல்லலாம்.

6. ஊர், தேதி, மரத்தின் வயது, எத்தனை மரத்தில் உள்ளது, பக்கத்தில் என்ன பயிர், முன்பு என்ன மருந்து தெளிக்கப்பட்டது, பூச்சியோ எறும்போ காணப்பட்டதா ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும்.

இம்மாதிரியை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். அங்கே அறிய முடியாதவற்றைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு அனுப்பிவைப்பர்.

அனுப்பும் இலைகளில் பெரும்பாலானவை பழைய, தெரிந்த நோயாகவே இருக்கும். அப்போதும் நஷ்டமில்லை, எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்பது தெரிந்துவிடும். பூச்சிக்குச் செய்ய வேண்டியதைப் பூசணத்துக்குச் செய்து பணத்தை வீணாக்காமல் இருப்பதே நான்கு மரம் வைத்திருப்பவருக்கு ஓர் ஆண்டின் ஆதாயம். எனவே இலை கறுத்தால் கடைக்குப் போகும் முன் ஓர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவது நல்லது.